வாடகைக் காரில் சிகரெட் பிடிக்கலாமா?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கார் கம்பெனி. காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். நான்கு நாள் அந்தக் காரில் சுற்றியவர். நான்கு நாளும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, உள்ளேயே சிகரெட் பிடித்தவர். பதினோரு மணிக்கு ஒரு துப்புரவு ஊழியர் வாக்குவம் கிளீனரோடு உள்ளே நுழைகிறார். பன்னிரண்டு மணிக்கு அதே காரில் ஒரு குடும்பம் ஏறுகிறது. பின் சீட்டில் இருக்கும் குழந்தைக்கு இழுப்பு.

கார் கம்பெனியுடையது. ஓட்டியவர் வேறு, சுத்தம் செய்தவர் வேறு, இப்போது மூச்சு விடுபவர்கள் வேறு. அப்படியென்றால் இந்தக் கார் பொது இடமா? ஒருவர் வேலை செய்யும் இடமா? அல்லது, காசு கொடுத்தவரைக்கும் அது அவருடைய சொந்த இடமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்ல உலகம் நூற்று ஐம்பது வருடங்களாகத் திணறிக்கொண்டிருக்கிறது. கதை காரில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது.

1868-இல் பிரிட்டனில் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்று வந்தது. அதில் ஒரு பிரிவு இன்று படித்தால் சிரிப்பு வரும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ள ரயில்களில், புகை பிடிப்பவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கியே தீரவேண்டும் என்று ரயில் கம்பெனிகளுக்குக் கட்டளை! (லண்டனின் பாதாள ரயிலான மெட்ரோபாலிட்டனுக்கு மட்டும் விலக்கு.) அதாவது அரசாங்கம் முதலில் பாதுகாத்தது புகை பிடிப்பவரைத்தான். ஆனால் அதே ஏற்பாட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், மற்ற அறைகளில் இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பு.

இந்தியாவுக்கு வந்த சட்டம் இன்னும் சுவாரசியம். 1890-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 110-ஆவது பிரிவு, தனியாக ஒதுக்கப்பட்ட பெட்டி தவிர வேறு பெட்டியில் கூடப் பயணம் செய்பவர்களின் சம்மதம் இல்லாமல் புகை பிடித்தால் 20 ரூபாய் வரை அபராதம் என்றது. அந்தக் காலத்து 20 ரூபாய் சாதாரணத் தொகை அல்ல. இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை "சம்மதம்". உடம்புக்குக் கெடுதல் என்ற பேச்சே அப்போது இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவா இல்லையா, அவ்வளவுதான். பெட்டியில் நீங்கள் மட்டும் இருந்தால் தாராளமாக ஊதிக்கொள்ளலாம். இந்த "கூட இருப்பவர்" என்ற எண்ணம்தான் பின்னால் வந்த எல்லாச் சட்டங்களுக்கும் வேர். வாடகைக் காரில் பிரச்சினை வருவதும் இங்கேதான். அங்கே பாதிக்கப்படுபவர் கூட இருப்பவர் இல்லை, பின்னால் வரப்போகிறவர்.

கார் வந்தபோது அதற்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் ஒட்டவில்லை. கார் என்பது சக்கரம் வைத்த வீடு. 1920-களில் காருக்குள் சிகரெட் லைட்டர் வந்தது. கொஞ்ச காலத்தில் முன் சீட்டில் ஒரு சாம்பல் கிண்ணம், பின் சீட்டில் ஒரு சாம்பல் கிண்ணம் என்பதெல்லாம் காரின் உடம்போடு சேர்ந்த உறுப்பாகவே ஆகிவிட்டன. (இன்று மொபைலுக்கு சார்ஜ் ஏற்றும் அந்த வட்ட ஓட்டை, பிறந்தது சிகரெட்டுக்காகத்தான்.) வாடகைக் கார்த் தொழிலும் ஏறக்குறைய அதே காலத்துப் பிள்ளை. 1918-இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்பவர் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களை வைத்துத் தொடங்கிய கடையை 1923-இல் ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். அதுதான் ஹெர்ட்ஸ் கம்பெனி. 1946-இல் வாரன் ஏவிஸ் டெட்ராய்ட் பக்கத்து விமான நிலையத்தில் கார் வாடகைக்கு விட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் வாடகைக் காரில் சாம்பல் கிண்ணம் இல்லாவிட்டால்தான் வாடிக்கையாளர் சண்டைக்கு வந்திருப்பார்.

மாற்றம் அறிவியல் பக்கமிருந்து வந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா ஒரு கட்டுரை வெளியிட்டார். தாங்கள் புகை பிடிக்காத, ஆனால் கணவர் புகை பிடிக்கும் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று அது சொன்னது. புகையிலைக் கம்பெனிகள் பாய்ந்து பாய்ந்து மறுத்தன. 1986-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி தன் அறிக்கையில் அடுத்தவர் புகையும் நோய் தரும் என்று சொன்னார். அதோடு "தொந்தரவு" என்ற பழைய வார்த்தை போய், "தீங்கு" என்ற வார்த்தை வந்துவிட்டது. தொந்தரவுக்குச் சம்மதம் கேட்கலாம். தீங்குக்கு?

நடுவில் ஒரு பெரிய விபத்தும் நடந்தது. லண்டன் பாதாள ரயில்களில் 1984-லேயே புகை பிடிக்கத் தடை. அடுத்த வருடம் பாதாள நிலையங்களுக்கும் தடை. ஆனாலும் பழக்கம் விடுமா? ரயிலை விட்டு இறங்கி மேலே போகும் எஸ்கலேட்டரிலேயே பலர் பற்றவைத்துக்கொள்வார்கள். 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தால் செய்த எஸ்கலேட்டருக்கு அடியில் விழுந்த ஒரு தீக்குச்சியிலிருந்து நெருப்பு பிடித்து 31 பேர் செத்துப்போனார்கள். தடை போட்டால் மட்டும் போதாது, அதை யார் அமல்படுத்துவது என்பதுதான் கேள்வி என்று எல்லோருக்கும் உறைத்தது அப்போதுதான்.

2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நாடு முழுக்க வேலையிடங்களில் புகை பிடிக்கத் தடை. பப்களில் கூட! "அயர்லாந்துக்காரன் பப்பில் சிகரெட் இல்லாமல் இருப்பானா" என்று உலகமே வேடிக்கை பார்த்தது. இருந்தார்கள். இந்தச் சட்டத்தின் சூட்சுமம் "வேலையிடம்" என்ற சொல். பப்புக்கு வருபவர் விருப்பப்பட்டு வருகிறார், ஆனால் அங்கே பீர் ஊற்றிக் கொடுப்பவர் எட்டு மணி நேரம் அந்தப் புகையில் நின்றாக வேண்டும். அவரைக் காப்பாற்றத்தான் சட்டம். இந்த வாதத்தை அப்படியே தூக்கி வாகனத்தில் வைத்தால் லாரி, டாக்சி, கம்பெனி வேன் எல்லாமே வேலையிடம்தான்.

ஸ்காட்லாந்து 2006 மார்ச்சிலும், வேல்ஸ் 2007 ஏப்ரல் 2-லும், வட அயர்லாந்து அதே மாதம் 30-லும் பின்தொடர்ந்தன. கடைசியாக இங்கிலாந்து, 2007 ஜூலை 1. நம் கேள்விக்கு நேரடியாக முகம் கொடுத்தது இங்கிலாந்தின் விதிகள்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்த விதிகளின்படி, மூடிய வாகனம் ஒன்று இரண்டு காரணங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் புகையற்றதாக இருக்க வேண்டும். ஒன்று, பொதுமக்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். வாடகைக்கோ இலவசமாகவோ, இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக அதைப் பயன்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் இல்லாமல் மாறி மாறிப் பயன்படுத்தினாலும் சரி. காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் ஓட்டும் கம்பெனி வேனில் காலையில் வருபவர் தனியாகத்தான் இருக்கிறார் என்றாலும் பற்றவைக்கக் கூடாது. பின்னால் வரப்போகிறவரையும் இங்கே சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது! 1890-இன் "சம்மதம்" எங்கே, இது எங்கே.

இதை மட்டும் படித்தால் வாடகைக் காரிலும் தடை என்று தோன்றும். பொதுமக்கள்தானே எடுத்து ஓட்டுகிறார்கள்? ஆனால் அடுத்து ஒரு விலக்கு வருகிறது. முக்கியமாக ஒருவருடைய தனிப்பட்ட உபயோகத்துக்காக இருக்கும் வாகனத்துக்கு இந்தத் தடை பொருந்தாது. அந்த ஒருவர் யார்? ஒன்று, காரின் சொந்தக்காரர். அல்லது, அந்தக் காரைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவர். அந்த உரிமை குறிப்பிட்ட ஒரு பயணத்தோடு மட்டும் முடிந்துவிடுவதாக இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் டாக்சியையும் வாடகைக் காரையும் பிரித்து வைக்கிறது. டாக்சியில் ஏறுபவருக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரைதான் உரிமை. ஒரு பயணம், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குக் காரை எடுத்தவர் அந்த ஒரு வாரத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆகவே விடுமுறைக்குக் கார் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த ஒரு வாரம் கார் சட்டத்தின் கண்ணில் அவருடைய சொந்தக் கார் மாதிரி. அதே காரை ஒரு அலுவலகம் வாடகைக்கு எடுத்து நான்கு ஊழியர்கள் மாறி மாறி ஓட்டினால் அது வேலையிடம், தடை உண்டு. கார் அதே கார்தான், நம்பர் பிளேட்டும் அதேதான். யார் எதற்காக ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை, கூரையைக் கழற்றக்கூடிய கார். கூரை முழுவதும் மடக்கி வைக்கப்பட்டிருந்தால் அது மூடிய வாகனம் இல்லை, எனவே தடையும் இல்லை. மழை வந்து கூரையை மூடினால் சிகரெட்டை அணைக்க வேண்டும்! தடை உள்ள வாகனத்தில் குறைந்தது 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள "புகை பிடிக்காதீர்" சின்னம் ஒட்டவேண்டும் என்று 2007-இல் விதி இருந்தது. மீறிப் புகை பிடித்தால் 50 பவுண்டு அபராதம், சீக்கிரம் கட்டினால் 30. ஆனால் பெரிய அடி பிடிப்பவருக்கு இல்லை. தடுக்காமல் விட்ட பொறுப்பாளருக்கு நீதிமன்றம் 2500 பவுண்டு வரை போடலாம். கிங்ஸ் கிராஸ் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இந்த மாதிரி நுணுக்கமான சட்டம் தெருவுக்கு வரும்போது என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். 2008-இல் வேல்ஸில் ஒரு பெயிண்டர் தன்னுடைய சொந்த வேனில் சிகரெட் பிடித்ததற்காக 30 பவுண்டு அபராத நோட்டீஸ் வாங்கினார். அது வேலைக்குப் போகும் வேன் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்போது கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னார். 2009-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு லாரி டிரைவர் நெடுஞ்சாலையில் தன் கேபினில் தனியாகப் பிடித்ததற்கு 305 டாலர். "லாரிதான் என் வீடு, இங்கேதான் தூங்குகிறேன்" என்பது லாரிக்காரர்களின் வழக்கமான வாதம். அது பொய்யில்லை. வேலையிடமும் வீடும் ஒன்றாக இருக்கிற ஏழைத் தொழிலாளியிடம்தான் இந்தச் சட்டம் முதலில் போய் நிற்கிறது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அதன் பிறகு வந்தது குழந்தைகள் விவகாரம். இங்கே ஒரு பாடமும் இருக்கிறது. 2011 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கார்களில் முழுத் தடை கேட்டு ஒரு அறிக்கை விட்டது. காருக்குள் இருக்கும் புகை, புகை மண்டிய பாரில் இருப்பதைவிட 23 மடங்கு நச்சு என்று அதில் இருந்தது. இந்த "23 மடங்கு" எங்கிருந்து வந்தது? கனடா மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு முந்தின வருடமே இதைத் துருவிப் பார்த்திருந்தார்கள். 1998-இல் ஒரு அமெரிக்கச் செய்தித்தாளில் வந்த வரி அது. ஆளுக்கு ஆள் மேற்கோள் காட்டிக் காட்டியே உண்மை போல ஆகிவிட்டது, ஆதாரம் எதுவும் இல்லை! கடைசியில் மருத்துவச் சங்கம் 23-ஐ 11 என்று திருத்திக்கொண்டது. 11 மடங்கே பயங்கரம்தான். நல்ல காரியத்துக்காகக் கெட்ட எண்ணைச் சொன்னதால் எதிர்த்தரப்புக்குத்தான் கொண்டாட்டம்.

ஆனாலும் சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குட்பட்டவர் உள்ளே இருந்தால் தனியார் காரிலும் புகை பிடிக்கக் கூடாது. வாடகைக் காரும் இதற்குள் அடக்கம். 2007-இல் திறந்து வைத்த ஜன்னலில் பாதியை 2015 மூடிவிட்டது. ஓட்டுபவர் பிடிக்காவிட்டாலும், மற்றவரைத் தடுக்காவிட்டால் அவரும் மாட்டுவார். ஸ்காட்லாந்து 2016 டிசம்பரில் இதே வழியில் வந்தது. அமெரிக்காவில் ஆர்கன்சாஸும் லூசியானாவும் 2006-லேயே குழந்தைகளுக்காக இப்படிச் சட்டம் போட்டுவிட்டன. கலிஃபோர்னியா 2008 ஜனவரி 1 முதல். ஆனால் முதல் காட்சியில் வந்த இழுப்புக் குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அது காரில் ஏறுவதற்கு முன்பே சிகரெட் அணைந்துவிட்டதே.

அந்த இடைவெளியை நிரப்பியது வியாபாரம். ஏவிஸ், பட்ஜெட் இரண்டையும் நடத்தும் நிறுவனம் 2009 அக்டோபர் 1 முதல் வட அமெரிக்காவில் தன் கார்கள் எல்லாவற்றையும் புகையற்றதாக அறிவித்தது. மீறினால் சுத்தம் செய்யும் கட்டணம் 250 டாலர் வரை. இங்கிலாந்துச் சட்டத்தின் 50 பவுண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலீஸ் தேவையில்லை, கோர்ட் தேவையில்லை. கிரெடிட் கார்டு எண் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது! நாற்றம் பிடித்த காரைக் கழுவி, காயவைத்து, வாடகைக்கு விடாமல் நிறுத்தி வைப்பதில் கம்பெனிக்கு நஷ்டம். ஆரோக்கியத்தின் மேல் அக்கறை கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் கணக்குப் புத்தகம் நிச்சயம் இருந்தது.

இது வேலை செய்ததா? கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஒரு ஆய்வுக் குழு வாடகைக் கார்களை எடுத்து, உள்ளே இருக்கும் காற்று, தூசி, டேஷ்போர்டின் மேற்பரப்பு எல்லாவற்றையும் சோதித்து 2013-இல் வெளியிட்டது. "புகையற்ற கார்" என்று கொடுக்கப்பட்டவற்றில் நிகோடின் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாமல் இல்லை. புகை போய்விடும், அதன் படிவு சீட்டுத் துணியிலும் கூரைத் துணியிலும் உட்கார்ந்துகொள்ளும். 2009 வாக்கில் இதற்கு "மூன்றாம் கைப் புகை" என்று பெயரும் வைத்தார்கள். பிடிப்பவருக்கு முதல் கை, பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டாம் கை, பின்னால் வருகிறவருக்கு மூன்றாம் கை. 1868-இல் இருந்து யாருக்கும் பெயர் தெரியாமல் இருந்த அந்த ஆளுக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்தது.

"என் காசு, என் கார்" என்ற எதிர்வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேர்ட் என்பவரின் வழக்கில், வாடகைக் காரை முறையாக வைத்திருப்பவருக்கு, ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும், அந்தரங்க உரிமை உண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது போலீஸ் சோதனை பற்றிய வழக்கு, சிகரெட் பற்றியது அல்ல. ஆனால் வாடகைக் கார் பாதி வீடு என்பதை அந்நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இனி இந்தியா. இங்கே கதை நீதிமன்றங்கள் வழியாக நகர்ந்தது. 1996-இல் டெல்லி அரசு தனிச் சட்டம் போட்டு, பயணிகள் வாகனங்களில் புகை பிடிப்பதைத் தடுத்தது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகை பிடிப்பது அடுத்தவரின் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க விரித்தது. மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், ரயில் உட்பட பொது வாகனங்கள். 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருட்கள் சட்டத்தை நிறைவேற்றியது. விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று அமலுக்கு வந்தன.

அந்தச் சட்டத்தின்படி பொது இடம் என்பது, உரிமையாகவோ உரிமை இல்லாமலோ பொதுமக்கள் வந்து போகக்கூடிய எந்த இடமும். "பொது வாகனங்கள்" அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. திறந்த வெளி சேராது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். கால் டாக்சியும் ஷேர் ஆட்டோவும் சந்தேகமில்லாமல் பொது வாகனம். (2008 விதிகள் கேட்கும் எச்சரிக்கைப் பலகையின் அளவு 60 செ.மீ.க்கு 30 செ.மீ. கட்டடங்களை நினைத்து எழுதியது. ஆட்டோவில் மாட்டினால் பயணிக்கு இடம் இருக்காது!)

தானே ஓட்டும் வாடகைக் கார்? கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்குமே, அந்த வகை. இதற்கு 1989-ஆம் வருட வாடகைக் கார்த் திட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்காகத் தானே ஓட்ட விரும்புகிறவர்களுக்கு "மோட்டார் கேப்" வாடகைக்கு விடுவது என்று பேசுகிறது. முடிச்சு இங்கேதான். அதே சட்டம் 2(35)-ஆம் பிரிவில் மோட்டார் கேப்பைப் பயணிகள் சேவை வாகனங்களில் ஒன்றாக எண்ணுகிறது. அந்த வழியில் போனால் தடை உண்டு. ஆனால் அந்தப் பிரிவின் அடிப்படை, கூலிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது. தானே ஓட்டிக்கொண்டு போகிறவர் யாரை ஏற்றுகிறார்? "சொந்த உபயோகம்" என்ற சொற்களைப் பிடித்தால் தடை இல்லை. இங்கிலாந்து விதிகள் ஒரு வரியில் முடித்துவைத்த விஷயத்தை இந்தியச் சட்டம் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் தொங்கவிட்டிருக்கிறது. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தால் இரண்டாவது வாசிப்புக்குத்தான் வலு அதிகம்.

இல்லை, அவ்வளவு சுலபமில்லை. 2019 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் பீகார் மதுவிலக்கு வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. ஜார்க்கண்டிலிருந்து பாட்னாவுக்குத் தனியார் காரில் போனவர்களை எல்லையில் மறித்து ஊதச் சொன்னதில் தொடங்கிய வழக்கு அது. எங்கள் கார் பொது இடமா என்று அவர்கள் கேட்டார்கள். பொதுச் சாலையில் போகும் தனியார் வாகனமும் பொது இடம்தான் என்றது நீதிமன்றம். மக்களுக்கு உரிமை இல்லாவிட்டாலும் அதை அணுகும் வாய்ப்பு இருக்கிறது என்பது காரணம். பீகார் சட்டத்தில் இருந்த சொற்கள், "உரிமையாகவோ உரிமை இல்லாமலோ" பொதுமக்கள் வரக்கூடிய இடம். புகையிலைச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே சொற்கள்! வித்தியாசம் ஒன்றுதான்: பீகார் சட்டம் திறந்த வெளியையும் பொது இடத்தில் சேர்க்கிறது, புகையிலைச் சட்டம் விலக்குகிறது. கண்ணாடி ஏற்றிய காரைத் திறந்த வெளி என்று யாரும் சொல்ல முடியாது. இந்தத் தர்க்கத்தை அப்படியே சிகரெட்டுக்குக் கொண்டுவந்தால் வாடகைக் கார் மட்டுமல்ல, சொந்தக் காரும் மாட்டிக்கொள்ளும். மதுவிலக்குக்காகச் சொன்ன விளக்கத்தை வேறு சட்டத்துக்கு இழுக்கலாமா என்பது வக்கீல்கள் மணிக்கணக்கில் பேசக்கூடிய விஷயம்.

அதுவரை நம் ஊரில் வாடகைக்குக் கார் எடுப்பவர் கையெழுத்துப் போடும் காகிதத்தில் இருப்பதுதான் அவரை உண்மையில் கட்டுப்படுத்துகிறது. புகை பிடித்திருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்று அதில் ஒரு வரி இருந்தால், அது 200 ரூபாய் அபராதத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும். பதினோரு மணிக்கு வாக்குவம் கிளீனரோடு உள்ளே போனவருக்கு அதில் பங்கு கிடையாது.